குன்னூர் எலிகளும் கல்லடைப்பும்

தை பிறப்பதற்கு முதல் நாள், பழனி மலையின் அடிவார ஊர்களிலும் கொங்கு நாட்டிலும் கூரையிலும் வாசல் நிலையிலும் காப்புக் கட்டுவது வழக்கம். வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றுடன் சேர்த்துக் கட்டப்படும் வெண்ணிறப் பூங்கொத்தைப் பூளைப்பூ என்றும் கூரைப்பூ என்றும் சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் அதன் பெயர் சிறுபீளை. கல்லடைப்புக்கும் நீர்க்கட்டுக்கும் அதனைக் குடிநீராக்கித் தருவது நெடுங்கால மரபு. நெருஞ்சிலும் மாவிலங்கமும் வாழைத்தண்டும் அதே வரிசையில் வருவன.

இம்மருந்துகள் உண்மையிலேயே கல்லைக் கரைக்குமா என்ற கேள்விக்கு விடை காண்பது, தோன்றுவது போல் எளிதன்று. சிறிய கற்களில் பெரும்பாலானவை எம்மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் தாமாக வெளியேறிவிடும். அந்நேரத்தில் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெருமை போய்ச் சேரும். கல் உருவாகும் இடமோ கண்ணுக்குப் புலப்படாதது. எனவே இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் இக்கேள்வியை விலங்குகளின் உடலிடம் கேட்டது. அந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று தமிழகத்து மலையொன்றின் மேல் எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

மலைக்குச் சென்ற ஆய்வுகள்

நம் மலை நகரங்கள் கோடை வாசத்திற்கென்றே தோன்றியவை என்று இன்று எண்ணுகிறோம். அவற்றின் தொடக்கத்தில் நோயச்சம் இருந்தது. சமவெளியின் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் குடும்பத்தினரைப் பலிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், 1845இல் கோடைக்கானலில் வீடுகள் கட்டிக் குடியேறினர். பின்னர் மலையின் குளிர்ச்சியும் தெளிந்த வானமும் அறிவியலுக்கும் பயன்பட்டன. 1899இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நகரும் விதத்தை 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் கண்டறிந்தார். அதே பழனி மலைத்தொடரில், மன்னவனூரில், 1965இல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. முயல்களும் அங்கு வளர்க்கப்படுகின்றன.

பழனி மலையில் சூரியனைப் பார்த்தார்கள் என்றால், நீலகிரியில் மனிதனின் சோற்றுத்தட்டைப் பார்த்தார்கள் எனலாம். வெறிநாய்க்கடிக்கு மருந்தளிக்க 1907இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த கொடையின் ஒரு பகுதி இதற்குச் செலவிடப்பட்டது. ஆட்டின் மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட தடுப்பூசியே பல பத்தாண்டுகள் இந்நாட்டில் நாய்க்கடிக்கான மருந்தாக இருந்தது. விலங்கின் உடல் வழியாக மனிதனைக் காக்கும் முறை குன்னூருக்கு அந்நியமாக இருக்கவில்லை.

1918இல் அந்நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தம் பணியைத் தொடங்கினார். 1878இல் அயர்லாந்தில் பிறந்து, 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த அவர், அதற்கு முன் வடமேற்கு எல்லையிலுள்ள கில்கிட்டில் முன்கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர். அந்நோய் குடிநீரால் வருகிறதா என்று அறிய, ஐயத்திற்குரிய நீரின் வண்டலைத் தாமே குடித்துப் பார்த்தவர். குன்னூரில் அவருக்கு இடப்பட்ட பணி பெரிபெரி நோயை ஆராய்வது. தீட்டிய அரிசியைப் புறாக்களுக்கும், உயிர்ச்சத்துக் குறைந்த உணவைக் குரங்குகளுக்கும் கொடுத்து, குடல் முதலான உறுப்புகள் எவ்வாறு சீர்கெடுகின்றன என்று பார்த்தார். 1923இல் அரசின் சிக்கன நடவடிக்கையால் ஆய்வு நின்றுபோயிற்று. 1925இல் மீண்டும் தொடங்கியது. அந்தச் சிறு முயற்சிதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

எலியின் வயிற்றில் விளைந்த கல்

அக்காலத்தில் இந்தியாவில் சிறுநீர்ப்பைக் கல் குழந்தைகளின் நோயாகவும் இருந்தது. குறிப்பாகப் பஞ்சாப், சிந்து முதலான வடமேற்குப் பகுதிகளின் மருத்துவமனைகளில் ஏழை வீட்டுச் சிறுவர்கள் இந்நோயுடன் வந்துகொண்டே இருந்தனர். சுஸ்ருதர் காலத்திலேயே கல்லை அறுத்தெடுக்கும் முறை இந்நாட்டில் விவரிக்கப்பட்டிருக்கிறது என்றால் நோயின் பழமையை ஊகித்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய அறுவை மருத்துவர்கள் இங்கு கல்லெடுத்தே கை தேர்ந்தனர். ஆயினும் கல் ஏன் வருகிறது, வடக்கில் மிகுந்து தெற்கில் ஏன் குறைவாக இருக்கிறது என்பதற்கு நிறைவான விடை இல்லை. தண்ணீரின் உவர்ப்பு, வெயில், பரம்பரை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

1917இல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் இருவரும் குறையுள்ள உணவு தரப்பட்ட எலிகளின் சிறுநீர்ப் பாதையில் கற்களைக் கண்டிருந்தனர். மெக்காரிசன் இதை இந்தியக் கேள்வியாக மாற்றினார். 1920களின் பிற்பகுதியில், முழுக் கோதுமை மாவையே பெரும்பகுதியாகக் கொண்ட, உயிர்ச்சத்து ஏ குறைந்த உணவை வெள்ளெலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தார். பல எலிகளின் சிறுநீர்ப்பையில் கல் உண்டாயிற்று. அதே உணவுடன் பால் சேர்த்தபோது கல் உண்டாகவில்லை. கோதுமையைப் போல மற்றத் தானியங்கள் அவ்வளவாகக் கல்லை விளைவிக்கவில்லை என்றும் கண்டார்.

இதில் ஒரு முரண் உண்டு. இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவர் செய்த ஒப்பீடு உலகப் புகழ் பெற்றது. அதில் கோதுமையும் பாலும் நெய்யும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு கடைசி இடம் பெற்றது. வளர்ச்சியில் வென்ற அதே கோதுமை, பாலும் காய்கறியும் நீங்கியபோது கல்லை விளைவித்தது! எனவே குற்றம் தானியத்தினுடையது அன்று. தட்டில் தானியத்தோடு வேறு என்ன இருந்தது என்பதே கேள்வி. அதாவது வறுமையே கேள்வி.

ஆனால் அந்தத் தரவரிசையைப் படித்தவர்களில் பலர் வேறொன்றையே கற்றுக்கொண்டனர். வடக்கே வீரர், தெற்கே மெலிந்தோர் என்ற ஆட்சியாளரின் பழைய எண்ணத்திற்கு எலிகள் சான்றளித்துவிட்டதாகக் கருதினர். சென்னை மாகாணத்துக்கென்று ஒரே உணவு எங்கே இருந்தது? தஞ்சைப் பண்ணையாரின் தட்டும் அவருடைய பண்ணையாளின் கலயமும் ஒன்றா? கம்பும் கேழ்வரகும் உண்ட கொங்கு உழவர் எந்தக் கூண்டில் அடங்குவார்? எலியிடம் கேட்கப்பட்டது உணவைப் பற்றிய கேள்வி. அது நேர்மையாக விடையளித்தது. அந்த விடையை இனத்தைப் பற்றியதாகப் படித்தது மனிதனின் வேலை.

எலியால் சொல்ல முடியாதது

கல்லைப் பொறுத்தவரை குன்னூர் எலிகள் சொன்னதில் எவ்வளவு நிலைத்தது? பெரும்பகுதி நிலைத்தது, ஒரு பகுதி நிலைக்கவில்லை.

உயிர்ச்சத்து ஏ குறைந்தால் எலியின் சிறுநீர்ப் பாதையை மூடியிருக்கும் மெல்லிய படலம் தடித்து உரிகிறது. உரிந்த செதில்களைச் சுற்றி உப்புகள் படிகின்றன. எலியளவில் இது உண்மை. குழந்தைகளின் கல்லில் பெரிதும் காணப்படுவதோ அம்மோனியம் யூரேட் என்னும் உப்பு. எலியின் உடலில் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. மனிதனிடம் அது இல்லை. ஆதலால் எலி எவ்வளவு பட்டினி கிடந்தாலும் ஏழைக் குழந்தையின் கல்லை அப்படியே உருவாக்கிக் காட்ட அதனால் முடியாது. 1960களில் தாய்லாந்தில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் தெளிவாக்கின. அங்கு பிறந்த சில வாரங்களிலேயே சோறூட்டப்பட்ட கிராமத்துக் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பைக் கல் வந்தது. அரிசியும் தனியே நின்றால் கல்லைத் தரும். பாஸ்பேட் நிறைந்த பால் போன்ற உணவு இல்லாத நிலையே நோயின் வேர் என்பது மேலும் உறுதிப்பட்டது.

வழி சிறிது மாறினாலும் சென்று சேர்ந்த ஊர் ஒன்றே. உணவு மேம்பட்ட இடங்களில் எல்லாம் குழந்தைகளின் சிறுநீர்ப்பைக் கல் அரிதாயிற்று. கல்லெடுக்கும் கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இந்த மாற்றத்தை அதனால் கொண்டுவந்திருக்க முடியாது.

இதற்கிடையே வேறொரு கல் பெருகியது. வளர்ந்தவர்களின் சிறுநீரகத்தில் தோன்றும் கால்சியம் ஆக்சலேட் கல் அது. அதை ஆராய எலிக்கு வேறொரு சோதனை வகுக்கப்பட்டது. எத்திலீன் கிளைக்கால் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் எலியின் உடலில் ஆக்சலேட் மிகுந்து சிறுநீரகத்தில் படிகங்கள் தோன்றும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையில் பி. வரலட்சுமியும் உடன் பணியாற்றியோரும் மாவிலங்கப் பட்டையையும் அதிலுள்ள லூப்பியோல் என்ற பொருளையும், ஆக்சலேட் மிகுந்த எலிகளில் ஆராய்ந்தனர். வாழைத்தண்டுச் சாறு எலிகளின் ஆக்சலேட்டைக் குறைத்ததாக 1994இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சிறுபீளையைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வும் எலிகளில் நல்ல விளைவையே காட்டியது. காப்புக்கட்டுப் பூ இவ்வாறு ஆய்வுக்கூடம் ஏறியது.

இவற்றைக் கேட்டதும் முன்னோர் அறிவு மெய்ப்பிக்கப்பட்டது என்று பூரிக்கத் தோன்றும். சற்றுப் பொறுத்தல் நன்று. எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைத் தாக்கும் நஞ்சு. நஞ்சூட்டிய எலியின் படிகம் குறைவதும், ஆண்டுக்கணக்கில் மனிதனுள் வளர்ந்த கல் கரைவதும் ஒன்றல்ல. படிகம் மேலும் சேராமல் தடுக்கக்கூடும் என்ற அளவில் எலி ஒரு நம்பிக்கையைத் தருகிறது. அதற்கு மேல் உள்ளதை மனிதர்களிடையே முறையாகச் சோதித்தே அறிய வேண்டும்.

தழும்பும் குழலும்

சிறுநீரகத்தில் உண்டான கல் சிறுநீர்ப்பையை அடைய ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள சிறுநீர் நாளத்தின் வழியே இறங்க வேண்டும். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள தசைக்குழாய் அது. கல் ஓரிடத்தில் நெடுநாள் சிக்கிக்கொண்டால் அங்கு அழற்சி ஏற்பட்டு, ஆறும்போது தழும்பாகி, நாளம் குறுகிவிடும். காசநோயாலும், கல்லெடுக்கும் முயற்சியின்போது நேரும் காயத்தாலும் இது நிகழ்வதுண்டு. தழும்பின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. வலி அடங்கிவிடும்; மேலே சிறுநீரகம் மட்டும் வீங்கி வீங்கி ஒருநாள் செயலிழந்து போகும்.

குறுகிய நாளத்தை என்ன செய்வது? 1943இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் டேவிஸ் துணிவான ஒரு வழியைச் சொன்னார். தழும்பை நீளவாக்கில் கீறிவிட்டுத் தையலிடாமல், உள்ளே ஒரு குழலை மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுவது. குழலைச் சுற்றி நாளம் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. வளர்வது உண்மையான தசையா, அல்லது விளிம்புகள் சுருங்கி இழுபடுவதால் ஏற்படும் தோற்றமா என்ற விவாதம் 1950களில் நாய்களின் உடலில் நடந்தது. உட்படலம் சில வாரங்களில் மூடிக்கொள்கிறது, தசை ஒன்றுகூட ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது என்ற கணக்கு அந்த நாய்களிடமிருந்து கிடைத்தது. குழலை ஆறு வாரம் வைத்திருக்கும் வழக்கத்திற்கு அதுவே அடிப்படையாயிற்று. பிற்காலத்தில் பன்றிகளில் குறுகிய காலத்தையும் நீண்ட காலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆறு வாரம் உண்மையிலேயே தேவைதானா என்ற ஐயமும் எழுந்தது.

இன்று ஸ்டென்ட் என்ற சொல் ஊரறிந்த சொல்லாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில், பல்லின் அச்செடுக்க ஒரு கலவையை உருவாக்கிய சார்லஸ் ஸ்டென்ட் என்ற பல் மருத்துவரின் பெயர் அது. 1967இல் சிலிக்கான் குழலை அறுவையின்றி நாளத்தில் செலுத்தும் முறை வந்தது. அது நழுவிக்கொண்டே இருந்தது. 1978இல் இரு முனைகளும் சுருண்டிருக்கும் குழல் வந்த பின்னரே அச்சிக்கல் தீர்ந்தது.

இவற்றைச் சோதிக்கப் பன்றியே பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. எலியின் நாளத்தில் மனிதனுக்கான கருவி நுழையாது. எலிக்கும் நாய்க்கும் சிறுநீரகத்தின் உள்ளமைப்பு எளியது; பன்றியினுடையது மனிதனைப் போலப் பல பிரிவுகள் கொண்டது. பன்றியின் நாளத்தைக் கட்டியோ சுட்டோ தழும்பை உண்டாக்கி, சில வாரம் காத்திருந்து, பிறகு விரித்துக் குழல் வைத்து, இறுதியில் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். குழல் இருக்கும்போது நாளத்தின் இயல்பான அலையசைவு தளர்ந்துபோவதும், சிறுநீர் மேல்நோக்கித் திரும்புவதும் இவ்வாறு அறியப்பட்டவை. எலியின் சிறுநீர்ப்பையில் சிறு துத்தநாகத் தகட்டை வைத்தால் அதன்மேல் கல் படர்வதை வேறு சோதனைகள் காட்டியிருந்தன. உள்ளே வைத்து மறக்கப்பட்ட ஸ்டென்ட் மாதக்கணக்கில் கல் போர்த்திக் கிடப்பதன் காரணம் இங்கே விளங்குகிறது.

எனினும் இளம் பன்றியின் நலமான நாளத்தில் சில வாரங்களில் செய்யப்பட்ட தழும்பு ஒன்று. ஆண்டுகளாகக் கல்லோடும் கிருமியோடும் போராடிய மனித நாளத்தின் தழும்பு மற்றொன்று. நான்கு காலில் நிற்கும் விலங்கில் நீர் இறங்கும் விதம் வேறு. நிமிர்ந்து நிற்கும் மனிதனில் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, குழல் உறுத்துகிறது, இரவில் நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்று பன்றியால் சொல்ல முடியாது. ஸ்டென்ட் வைத்தவர்களின் துன்பத்தை முறையாகக் கேட்டறிய ஒரு வினாத்தாள் பிரிட்டனில் 2003இல்தான் வெளிவந்தது. சுருள் குழல் வந்து கால் நூற்றாண்டு கழித்து! பேசக்கூடிய உயிரிடம் கேட்க இவ்வளவு தாமதமானது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கேட்பதற்கான உரிமை

இத்தனை விலங்குகளை இவ்வளவு துன்புறுத்தலாமா என்ற கேள்வியும் தமிழ்நாட்டோடு தொடர்புடையதே. மதுரையில் பிறந்து கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதைத் தடுப்புக்காக அவர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் சென்னையில்தான் தொடங்கியது.

அச்சட்டம் ஆய்வுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதைத் தடை செய்யவில்லை. தேவையற்ற வலியைத் தவிர்க்கவும், வேறு வழியிருந்தால் அவ்வழியை நாடவும், மேற்பார்வைக் குழு அமைக்கவும் வகை செய்தது. ஆய்வுக்கான விரிவான விதிகள் 1998இல் வந்தன. விலங்கே வேண்டாம் என்போருக்கும் விதியே வேண்டாம் என்போருக்கும் இதில் நிறைவில்லை. ஆயினும் மெக்காரிசனின் கூண்டுகளை நினைத்தால் இந்த நடுவழியின் நியாயம் புலப்படும். குழந்தையின் கல்லுக்கு உணவே காரணம் என்று அவருடைய எலிகள் சொன்னது பெரும் கொடை. கேள்வி தெளிவாக இருந்ததால் அக்கொடை கிடைத்தது. முன்பே விடை தெரிந்த கேள்விக்காகவோ, விடையைப் பயன்படுத்தும் எண்ணமே இல்லாத கேள்விக்காகவோ ஓர் எலியைக் கொல்வதும் வீண் கொலையே. கிடைத்த விடையை அலமாரியில் பூட்டி வைப்பதும் அதற்குச் சமமானது. பாலும் கீரையும் ஏழைக் குழந்தையின் தட்டுக்கு வரவேண்டும் என்பது குன்னூரில் தெரிந்துவிட்ட பிறகும், அது நடைமுறையாக எத்தனை பத்தாண்டுகள் ஆயின என்பதை நாம் அறிவோம்.

குன்னூரில் வளர்ந்த வெள்ளெலிகளின் வழி ஐதராபாத்திலும் தொடர்ந்தது. குறையுணவின் விளைவை அறிய வளர்க்கப்பட்ட அந்தக் குலத்தில், 1990களின் பிற்பகுதியில் பிறவியிலேயே பருத்த எலிகள் தோன்றின. உடற்பருமனை ஆராய அவை இப்போது பயன்படுகின்றன. நாட்டின் நோயும் அதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. ஏழைச் சிறுவனின் சிறுநீர்ப்பையிலிருந்த கல், உடல் பருத்து நீர் குறைவாகக் குடிக்கும் நடுவயதினரின் சிறுநீரகத்துக்கு இடம் மாறிவிட்டது. அதை எடுக்க லேசர் வந்துவிட்டது, தழும்பை விரிக்கக் குழல் வந்துவிட்டது. கல் வராமல் காக்கும் வழியை மட்டும், நூறு ஆண்டுகளுக்கு முன் போலவே, சோற்றுத்தட்டிலும் தண்ணீர்ச் செம்பிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.